ஆறு பூட்டும் ஓடாத ஆட்டமும்

2-5-2002: மர அறைகள் ஆறு, மரமும் கூலியும் சேர்த்து நோயலுக்கு ரூ. 27,000
18-5-2002: கம்ப்யூட்டர்கள் ஆறு, ரூ. 2,16,000
20-5-2002: பித்தளைப் பூட்டுகள் ஆறு, ரூ. 510
2-9-2002: ஆறுக்கும் கூடுதல் ராம், ரூ. 13,800
14-10-2002: கிராபிக்ஸ் கார்டுகள் ஆறு, ரூ. 39,000
11-11-2002: புது பவர் சப்ளை ஆறு, ரூ. 5,400
30-11-2002: வேகமான பிராசசர் ஒன்று, நான்காம் கம்ப்யூட்டருக்கு, ரூ. 10,200

இத்தனையும் வாங்கிப் போட்ட பிறகு, அந்த டிசம்பர் முதல் வாரத்தில், பெங்களூர் விவேக் நகர் ரெமிஜியஸின் கடையில் பந்தயக் கார் எப்படி ஓடியது தெரியுமா? குப்பை லாரி மேட்டில் ஏறுவதுபோல் ஓடியது. ஒரு தள்ளு, ஒரு நிற்பு, மறுபடி ஒரு தள்ளு. புதிதாகப் போட்ட வேகமான பிராசசர் இருந்த நான்காம் கம்ப்யூட்டர்தான் ஆறிலும் மோசம்.

ரெமிஜியஸ் இருபத்தெட்டு வருடம் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். அவர் பொறுப்பில் இருந்த வரை அங்கிருந்து ஒரு போல்ட் காணாமல் போனதில்லை என்று யூனியன்காரர்களே சொல்வார்கள். விருப்ப ஓய்வில் வெளியே வந்த நாளில், இனி யாருடைய சைரனுக்கும் எழுந்திருப்பதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். மஸ்கட்டில் இருக்கும் மகளுக்கு மெயில் அனுப்ப ஒருநாள் பிரிகேட் ரோடு பக்கம் பிரவுசிங் சென்டர் ஒன்றுக்குப் போனார். உள்ளே பையன்கள் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே இன்னும் பத்துப் பேர் இடம் கிடைக்கக் காத்திருந்தார்கள். வரிசை நிற்கும் இடத்தில் சரக்கு குறைவு என்பது ஸ்டோர்ஸ்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தார். தெருவைப் பார்த்த முன்னறையின் சுவரை இடித்து ஷட்டர் வைத்தார். மனைவியின் பெயரில் ‘ஆஞ்சலா சைபர் கேம்ஸ்’ என்று போர்டு எழுதி மாட்டினார்.

மர அறைகளைச் செய்த நோயல், கிறிஸ்தவக் கோயில்களுக்கு வேலை செய்யும் தச்சன். பெஞ்சு, பீடம், பாவ அறிக்கைக்கு மண்டியிடும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டி எல்லாம் அவன் கைவேலை. கேம்ஸ் கடைக்கு அறை வேண்டும் என்றதும், தெரிந்த வேலையையே செய்துவிட்டான். ஆளுக்கு ஒரு கூண்டு, இரண்டு பக்கமும் தேக்கு நிறப் பலகை, மேலே சின்ன வளைவு. உட்கார்ந்தால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் போவதுபோலவே இருக்கும். மேஜைக்குக் கீழே சி.பி.யூ பெட்டியை வைக்க ஒரு குட்டி அலமாரி, அதற்கு இழுத்து அடைக்கும் கதவு. அந்தக் கதவைக் கேட்டு வாங்கியவர் ரெமிஜியஸ். ராம் என்பது சூயிங்கம் பாக்கெட் அளவுப் பொருள். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஆறு அலமாரிக்கும் ஆறு பூட்டுப் போட்டார். சாவிகளுக்கு எண் எழுதிய தகடு கட்டி, சமையலறை வாசலில் ஆணியடித்து மாட்டினார்.

திறந்த புதிதில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போது பையன்கள் ஆடியவை பழைய, எளிய ஆட்டங்கள். ஆகஸ்டில் புதுசுகள் வந்தன. நிழலும் புகையும் தண்ணீரில் தெரியும் வானமுமாகக் கண்ணைப் பறிக்கும் ஆட்டங்கள். அவை திக்க ஆரம்பித்தன. ராம் போதாது என்றார்கள், வாங்கிப் போட்டார். கார்டு போதாது என்றார்கள், அதையும் போட்டார். கார்டுக்குப் பவர் போதாது என்றார்கள். ஒவ்வொன்றும் போட்டபின் கொஞ்சம் சரியாகும், பிறகு முன்னைவிட மோசமாகும்.

வாடிக்கைக்காரர்களில் வாய் நீளமானவன் பரத். வாலாஜாவிலிருந்து வந்து தொம்மலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருப்பவன். ஆபீஸ் முடிந்ததும் கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்து உட்காருவான்.

“அங்கிள், இது கேமா, கல்யாண ஆல்பமா? ஒவ்வொரு போட்டோவா வருது.”

“கொஞ்சம் பொறு தம்பி. குளிரு. மிஷின் சூடு புடிச்சதும் ஓடும்.”

“நான் வந்து முக்கா மணி நேரமாச்சு. வந்தப்ப நல்லா ஓடிச்சு. இப்பதான் நிக்குது.”

“நீ ரொம்ப வேகமா ஆடுறியோ என்னமோ.”

“அங்கிள், நான் சாகறதே எனக்கு லேட்டாதான் தெரியுது. என்னைச் சுட்டவன் டீ குடிச்சிட்டு வந்துட்டான்.”

கூட்டாளிகள் சிரித்தார்கள். ரெமிஜியஸும் சிரித்துவைத்தார். ஆனால் அவருக்கு அது பேஜாராகத்தான் இருந்தது. குளிரில் தம் பழைய ஸ்கூட்டர் எப்படி அடம் பிடிக்கும், பத்து உதைக்குப் பிறகு சூடேறியதும் எப்படி ஓடும் என்று அவர் அறிவார். ஆகவே டிசம்பர் பிறந்ததிலிருந்து, பத்து மணிக்குத் திறக்கும் கடைக்கு எட்டு மணிக்கே ஆறு கம்ப்யூட்டரையும் போட்டுவிடுவார். நன்றாகச் சூடேறட்டும் என்று. மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மூடிய அலமாரிகளுக்குள் ஆறு மின்விசிறிகளும் உறுமுவதைக் கேட்டால் அவருக்கு மனசு நிறையும்.

பழுது பார்க்க, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு கடையிலிருந்து வருபவள் ஃபாத்திமா. டிப்ளமா முடித்து இரண்டு வருடமாகிறது. தோளில் கருவிப் பை, வாயில் சதா ஒரு ஏலக்காய். அவள் வந்தால் ரெமிஜியஸ் பூட்டைத் திறந்துவிடுவார். அவள் சி.பி.யூவை வெளியே இழுத்து வெளிச்சத்தில் வைப்பாள். மூடியைக் கழற்றுவாள், தூசியை ஊதுவாள், பிறகு ஆட்டத்தைப் போட்டு ஆடிப் பார்ப்பாள். கார் பறக்கும்.

“பாருங்க சார், மக்கன் மாதிரி வழுக்கிட்டு ஓடுது. எதுக்கு என்னை சும்னே கூப்பிடறீங்க?”

“நீ இருந்தா ஓடுதும்மா. நீ ஆட்டோ ஏறினதும் படுத்துக்குது.”

“அப்ப என்னை இங்கயே கட்டிப் போட்டுக்குங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுப்போற பிள்ளை மாதிரில்ல இருக்கு.”

“அரே, பிள்ளைன்னா ஊசி போடலாம். இதுக்கு நான் என்ன பண்ண?”

வைரஸ் தேடும் மென்பொருள் சாயந்தர வேளையில் வேலை செய்யாதபடி மாற்றிவைத்தாள். கார்டுக்கான டிரைவரைப் புதுசாகப் போட்டாள். விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றினாள். பின்னணியில் ஓடிய வேண்டாத புரோகிராம்களைக் களையெடுத்தாள். எதுவும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது. அவள் போவாள். ரெமிஜியஸ் பெட்டியை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, பூட்டை இழுத்துப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் கார் மறுபடி குப்பை லாரியாகிவிடும்.

“ஒரு ஏ.சி. போட்டா என்ன சார்?” என்று ஒருமுறை அவள் கேட்டாள்.

ரெமிஜியஸ் மப்ளரை இறுக்கிக்கொண்டு அவளைப் பார்த்த பார்வையில் அவளே சிரித்துவிட்டாள். பெங்களூரில், அதுவும் டிசம்பரில், ஏ.சி.யாம். மெட்ராஸ்காரன் காதில் விழுந்தால் என்ன நினைப்பான்?

பையன்கள் குறைந்தார்கள். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், பிறகு கல்லூரிக்காரர்கள். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகும். அதிலிருந்து நாலு பேராவது முன்பெல்லாம் கடைக்குள் ஒதுங்குவார்கள். இப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 10 அன்று தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஆஞ்சலாவின் அண்ணன் ஓஸ்வால்ட் அனுப்பியது. ஹெப்பகோடியில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்துபவர் அவர். போனில் சொல்ல வேண்டியதையும் லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து, நம்பர் போட்டு அனுப்பினால்தான் அவருக்குத் திருப்தி. ஸ்டோர்கீப்பர் பதவி, மாதச் சம்பளம் இவ்வளவு, வேலையில் சேர வேண்டிய நாள் ஜனவரி 6, கம்பெனி வேன் காலை ஆறே முக்காலுக்குக் கோயில் முனையில் நிற்கும் என்று எழுதியிருந்தது.

ஆஞ்சலா அதை இரண்டு தரம் படித்தாள்.

“அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்றாரு?”

“உங்கண்ணன் நல்லது சொன்னா எனக்கு ஏன் காது சுடுது?”

“குளிர்ல காது சுட்டா நல்லதுதான்.” சிரித்துவிட்டுச் சொன்னாள்: “இந்தாங்க, நான் கடையை மூடுன்னு சொல்லல. கிறிஸ்மஸ் அன்னிக்குக் காலைல அண்ணன் குடும்பத்தோட சாப்பிட வர்றாரு. அதுக்குள்ள ஓடுதான்னு பாருங்க. ஓடலன்னா, நேரா மூஞ்சியப் பாத்து சரின்னு சொல்லிடுங்க. வருசம் பூரா வளவளன்னு இழுக்காதீங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. வேலை கேவலமில்லை. ஸ்டோர்ஸ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஓஸ்வால்ட் ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் “நம்ம மாப்ளே இப்ப விளையாட்டுச் சாமான் கடை வச்சிருக்காரு” என்று அறிமுகப்படுத்துகிறவர். அவரிடம் போய், அவர் சைரனுக்கு எழுந்து, அவர் வேனில் ஏறி, அவர் அட்டைப்பெட்டிகளை எண்ண வேண்டும். காலையில் தன் ஷட்டரைத் தானே தூக்கும் அந்தக் கடகட சத்தம் இனி இல்லை. ஐம்பத்தைந்தாவது வயதில் கிடைத்த சத்தம் அது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

அடுத்த பத்து நாளும் ரெமிஜியஸ் கேட்காத ஆளில்லை. வோல்டேஜ் என்றார் எலக்ட்ரீஷியன். நெட்வொர்க் ஒயர் என்றான் கேபிள்காரன். பரத்தின் கூட்டாளி ஒருவன், கூண்டுகளில் உட்கார்ந்தாலே தன் பாவங்கள் ஞாபகம் வந்து கை நடுங்குகிறது, கோளாறு ஆளிடம்தான் என்றான்.

இந்த நேரத்தில் ஆஞ்சலாவுக்கு வேறொரு கவலை. டிசம்பரில் பெங்களூரில் இட்லி மாவு புளிக்காது. முதல்நாள் காலையில் அரைத்து வைத்தாலும் மறுநாள் கல்லுப்போல் அப்படியே இருக்கும். போர்வை சுற்றிப் பார்ப்பார்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்பார்கள், அடுப்பின் ஓரத்தில் வைப்பார்கள். அண்ணன் வீட்டிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். கிறிஸ்மஸ் காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் இல்லையென்றால் ஓஸ்வால்ட் அதற்கும் ஒரு கடிதம் எழுதக்கூடியவர்.

23-ஆம் தேதி கடையைப் பெருக்கும்போது நான்காம் கூண்டின் அலமாரிக் கதவில் அவள் முழங்கை பட்டது. இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி கதகதவென்று இருந்தது. அவளுக்கு அதில் கம்ப்யூட்டர் ஞாபகம் வரவில்லை, மாவு ஞாபகம்தான் வந்தது. ரெமிஜியஸ் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரம். ஆணியிலிருந்து நான்காம் சாவியை எடுத்து, ஒரு சின்னத் தூக்கில் மாவை உள்ளே வைத்துப் பூட்டினாள். மதியம் எடுத்துப் பார்த்தால், மாவு பூரித்து மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் பூட்டைத் திறந்ததற்கு விளக்கம் சொல்லி முடியாது.

மறுநாள், 24-ஆம் தேதி, ரெமிஜியஸ் வெளியே போன நேரம் பார்த்து, பெரிய பாத்திரம் நிறைய மாவைப் பன்னிரண்டு மணிக்கு வைத்தாள். இரவுப் பூசைக்குப் போகுமுன் எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. முந்தின நாள் சின்னத் தூக்கு, அதுவும் கம்ப்யூட்டரில் யாரும் உட்காராத காலை வேளை. அந்த வித்தியாசத்தை அவள் யோசிக்கவில்லை.

அன்று பரத்துக்கு அரை நாள் லீவு. கூட்டாளிகளோடு இரண்டு மணிக்கே வந்து, வழக்கமான நான்காம் கூண்டில் உட்கார்ந்துவிட்டான். புது பிராசசர் அதில் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. நான்கு மணி வரைக்கும் பொறுமையாகத் திக்கித் திக்கி ஆடினான். பிறகு மூக்கைச் சுளித்தான்.

“அங்கிள், இங்க யாராவது டிபன் பாக்ஸ் மறந்துட்டாங்களா? புளிச்ச வாடை.”

“சாக்கடை அடைச்சிருக்கும்.”

“இல்ல அங்கிள். நல்ல வாடைதான். தோசை வாடை.” குனிந்தவன் காலைத் தூக்கிக்கொண்டான். “அங்கிள், உங்க கம்ப்யூட்டர் வாந்தி எடுக்குது.”

அலமாரிக் கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ரெமிஜியஸ் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி வழிந்திருந்தது. நல்லவேளை, நோயல் சி.பி.யூவுக்கு ஒரு பலகையை உயர்த்திப் போட்டிருந்தான். பாத்திரம் அதற்குக் கீழே இருந்ததால் மாவு பலகையைத் தொடவில்லை.

“ஆஞ்சலா!”

அவள் கதவோரத்தில் வந்து நின்று பார்த்தாள். “ஐயோ, நல்லாப் பொங்கியிருக்கே” என்றாள், திட்டு விழும் என்பதையே மறந்து.

“இதென்ன கம்ப்யூட்டரா, கரியடுப்பா?”

“அடுப்பைவிட நல்லா இருக்குங்க.”

பாத்திரத்தை அவள் உள்ளே தூக்கிப் போனாள். ரெமிஜியஸ் பழந்துணி எடுத்துவந்து அலமாரியைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்க வசதியாகக் கதவைச் சுவர் வரை திறந்து வைத்தார், சி.பி.யூவையும் பாதி வெளியே இழுத்துவிட்டார். பரத் காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். சில நிமிடம் போனது. பிறகு அவன் குரல் கேட்டது.

“அங்கிள். என்ன பண்ணீங்க?”

“மாவு துடைக்கிறேன்.”

“இல்ல, இதுக்கு என்ன பண்ணீங்க? பறக்குது.”

ரெமிஜியஸ் எழுந்து திரையைப் பார்த்தார். பந்தயக் கார் வளைவில் வழுக்கிக்கொண்டு போனது. மழைத்துளி கண்ணாடியில் தெறித்து ஓடியது. இவ்வளவு அழகான ஆட்டமா இது என்று முதல் தடவையாகப் பார்த்தார். துணி கையிலிருக்க, அப்படியே நின்றார். ஃபாத்திமா வரும்போதெல்லாம் ஓடியதே, அப்போது இந்தக் கதவு எப்படி இருந்தது?

பெட்டியை உள்ளே தள்ளினார். கதவைச் சாத்திப் பூட்டினார். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன அங்கிள், பாக்கவா போறீங்க?”

“ஆடு. சும்மா ஆடு.”

கால் மணி நேரத்தில் கார் திக்கியது. ரெமிஜியஸ் கதவைத் திறந்தார். சற்று நேரத்தில் பறந்தது. மறுபடி சாத்தினார்.

“அங்கிள், நான் என்ன எலியா? என்மேல ஆராய்ச்சி பண்றீங்களே.”

“இன்னும் ஒரே தரம் தம்பி. இன்னிக்கு உனக்குக் காசு கிடையாது.”

“அப்ப பத்துத் தரம் சாத்துங்க, பரவால்ல.”

மூன்றாம் முறையும் அப்படியே நடந்தது. ரெமிஜியஸ் ஆறு பூட்டையும் திறந்தார். ஆறு கதவையும் விரியத் திறந்துவைத்தார். கடை முழுக்க வெதுவெதுவென்று ஒரு காற்று பரவியது. மற்ற கூண்டுகளிலிருந்தும் ஒவ்வொருவராக “ஓ” என்று சத்தம் போட்டார்கள். பிறகு அவர் ஃபாத்திமாவுக்குப் போன் போட்டார். மாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அவள் ஏலக்காயைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

“சார், எனக்குத் தலையைச் சுவத்துல முட்டிக்கலாம்னு இருக்கு.”

“ஏம்மா?”

“இப்ப வர்ற பிராசசர்ல ஒரு ஏற்பாடு இருக்கு சார். அளவுக்கு மேல சூடானா, எரிஞ்சு போகாம இருக்கத் தானே வேலையைக் குறைச்சுக்கும். நிக்காது, செய்தி எதுவும் வராது, சும்மா மெதுவாயிடும். நீங்க கதவைச் சாத்திட்டீங்க. உள்ள விசிறி சுத்துது, ஆனா அதே சூட்டுக் காத்தைத்தான் சுத்தி சுத்தி அடிக்குது. பெரிய கார்டு போட்டீங்க, சூடு கூடிச்சு. வேகமான பிராசசர் போட்டீங்க, இன்னும் கூடிச்சு. பவர் கூடக்கூட அது தன்னை இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிச்சு.”

“நீ எத்தனை தரம் வந்து பாத்த?”

“நான் எங்க சார் மூடிவச்சுப் பாத்தேன்? முதல் வேலையா வெளிய இழுத்துட்டேன். அப்புறம் எப்படித் தெரியும்? ஆண்டிகிட்ட சொல்லுங்க, அந்த மாவுல எனக்கு ரெண்டு தோசை.”

காலை எட்டு மணிக்கே போட்டுச் சூடேற்றிய விஷயத்தை ரெமிஜியஸ் அவளிடம் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் இட்லி பஞ்சாக இருந்தது. ஓஸ்வால்ட் ஏழு சாப்பிட்டார். ஆட்டுக்கறிக் குழம்பை வழித்துவிட்டு, கை கழுவி, விஷயத்துக்கு வந்தார்.

“என்ன மாப்ளே, கடுதாசி பாத்தீங்களா? ஒரு பதிலையும் காணோம். ஆபீஸ்ல நம்பர் போட்டு அனுப்பினது, பதில் வந்தாத்தானே ஃபைல மூடலாம்.”

“பாத்தேன் மச்சான். அதுல ஆறாம் தேதின்னுதானே போட்டிருக்கு?”

“ஆமா.”

“இன்னிக்கு இருபத்தஞ்சு.” ஆட்டம் ஓடினாலும், போன பையன்கள் திரும்பி வருவார்களா என்று அவருக்கு இன்னும் தெரியாது.

“அதுக்குள்ள என்ன ஆகப்போகுது? கம்ப்யூட்டரு குட்டி போடப் போகுதா?”

ஆஞ்சலா காபியை வைத்தாள். “அண்ணா, நீங்க எழுதின தேதிதான. அது வரைக்கும் விடுங்க” என்றாள். ரெமிஜியஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை, டம்ளர்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்க, ஓஸ்வால்டின் மகன் ரயான் எப்போது எழுந்துபோனான் என்று யாரும் கவனிக்கவில்லை. எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் படிப்பவன். கிளம்பும் நேரத்தில் தேடினால், பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் முதலாம் கூண்டில் உட்கார்ந்து யாரையோ துரத்திச் சுட்டுக்கொண்டிருந்தான்.

ஆட்டம் சரியாயிற்று. ரெமிஜியஸ் சரியாகவில்லை. அலமாரிகள் திறந்து கிடக்க, உள்ளே சரக்கு இருக்க, அவரால் கல்லாவில் உட்கார முடியவில்லை. கூண்டு கூண்டாக நடந்தார். யாராவது பேனாவை எடுக்கக் குனிந்தால் கூடவே குனிந்தார். கடை மூடும்போது ஆறு மூடியையும் கழற்றி, ராம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

“பேசாம ஆறு பேரை வேலைக்கு வச்சு, ஒவ்வொரு பெட்டி மேலயும் உக்கார வைங்க” என்றாள் ஆஞ்சலா.

“திறந்து போட்டா ஸ்டோர்ஸே இல்ல.”

“மூடிப் போட்டா கடையே இல்ல. நோயலைக் கூப்பிடுங்க.”

நோயல் வந்தான். நடந்ததைக் கேட்டு, தான் செய்த கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தான்.

“பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஜல்லடை வச்சுத்தான் செய்வேன். சாமியாருக்குக் காத்து வேணும்னு தெரியும். மிஷினுக்கும் வேணும்னு யார் சொன்னாங்க?”

“நான்தான் அடைச்ச கதவு கேட்டேன்.”

“கேட்டீங்க. ஒரு கைப்பிடி பொத்தல் வைக்கவான்னு கேட்டேன். அதுல விரலை விடுவான்னீங்க.”

பலகைக் கதவுகளைக் கழற்றிவிட்டு, தொட்டியில் வைப்பதுபோலவே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டமடித்த ஜல்லடைக் கதவுகளை மாட்டினான். அலமாரியின் முதுகுப் பலகையையும் எடுத்து அங்கேயும் ஜல்லடை வைத்தான். முன்னால் இழுக்கும் குளிர்ந்த காற்று பின்னால் சூடாகப் போனது. ரெமிஜியஸ் பழைய பூட்டுகளையே போட்டார். சட்டத்தின் இடுக்கில் தம் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். முதல் கணுவுக்கு மேல் நுழையவில்லை. அன்றைக்குத்தான் கல்லாவில் உட்கார்ந்து முழுசாக ஒரு டீ குடித்தார்.

எல்லாமே தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. புத்தாண்டுக்கு வந்த ஒரு புது ஆட்டம், ஜல்லடைக்குப் பிறகும் ஆறு கம்ப்யூட்டரிலும் திக்கியது. ரெமிஜியஸ் கதவைத் திறந்தார், சாத்தினார், பெட்டியை முற்றத்து வெயில்படாத காற்றில் கொண்டுபோய்க்கூட வைத்தார். அசையவில்லை. ஃபாத்திமா வந்து பார்த்தாள்.

“இது உங்க தப்பு இல்ல சார். ஆட்டத்தை எழுதினவங்க அவசரத்துல எழுதியிருக்காங்க. தேவையில்லாத கணக்கெல்லாம் போட்டுக்கிட்டே இருக்கு. எவ்வளவு பெரிய மிஷின் வச்சாலும் இப்படித்தான். திருத்தம் வரும், ஸ்வல்பம் பொறுங்க.”

இது ரெமிஜியஸுக்கு அளவில்லாத சந்தோஷத்தைக் கொடுத்தது. தன் மேல் இல்லாத ஒரு குறை, அதுவும் யார் யாரோ பெரிய ஊரில் உட்கார்ந்து செய்த குறை. ‘இந்த ஒரு ஆட்டம் எங்கே போனாலும் இப்படித்தான் ஓடும். மற்ற ஆட்டங்களுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டினார். பரத் அதைப் படித்துவிட்டு, தங்கள் கம்பெனி மென்பொருளுக்கும் இப்படி ஒன்று எழுதித் தரச் சொன்னான்.

போன பையன்கள் திரும்பி வந்தார்கள். விடுமுறை முடியும் முன்பே சாயந்தரங்களில் கூண்டு கிடைக்காமல் வெளியே நிற்க ஆரம்பித்தார்கள். ஆஞ்சலா ஒருநாள் ஜன்னலோரம் நின்று அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாகவே வந்து வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தாள்.

“அண்ணனுக்கு நீங்களே எழுதுங்க. போன்ல சொன்னா ஃபைல்ல ஏறாது.”

ஜனவரி 4 அன்று ரெமிஜியஸ் எழுதினார். தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் அன்புக்கு நன்றி, சொந்தத் தொழில் காரணமாகப் பதவியை ஏற்க இயலவில்லை. அவ்வளவுதான். கோயில் முனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். ஆறாம் தேதி காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் முனையில் நின்று, யாரும் ஏறாமல் போனதை ஆஞ்சலா பால் வாங்கப் போனபோது பார்த்தாள். ஓஸ்வால்டிடமிருந்து பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தபோதும் அவர் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்.

“கோவமா இருக்காரோ?” என்றாள் ஆஞ்சலா. 

“கோவம்னா இன்னேரம் டைப் அடிச்சு வந்திருக்கும்.”

டைப் அடித்துத்தான் வந்தது. அதே லெட்டர்ஹெட், வரிசை எண்ணோடு. தங்கள் கடிதத்தின்படி ஸ்டோர்கீப்பர் பதவிக்கு வேறு ஆள் நியமிக்கப்பட்டுவிட்டார், இது தொடர்பான ஃபைல் மூடப்படுகிறது, தங்கள் தொழில் செழிக்க நிர்வாகம் வாழ்த்துகிறது என்று மூன்று வரி. அடியில் கையெழுத்துக்குக் கீழே, பேனாவால் கோணலாக இன்னும் மூன்று வரி இருந்தது: “மாப்ளே, ரயான் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உங்கள் கடையில்தான் இருக்கிறான் என்று தெரியும். ஏழு மணிக்கு மேல் உட்கார விடாதீர்கள். அவனிடம் முழுக் காசும் வாங்குங்கள், சொந்தக்காரன் என்று விட்டுவிடாதீர்கள்.”

ஆஞ்சலா அதை வாய்விட்டுப் படித்து, சிரித்து, மறுபடி படித்தாள். ரெமிஜியஸ் வாங்கி, உறையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்து, மூலையில் பென்சிலால் வந்த நாளைக் குறித்தார்: 17-1-2003, வெள்ளிக்கிழமை.